குடிசைக்கு 8,000, மாட்டுக்கு 37,500

ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு வசனம் நம் காதில் விழுகிறது. "புயலுக்குச் சாதி தெரியுமா? வெள்ளம் வந்தா எல்லாருக்கும்தானே வருது." தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள். நிவாரணப் பை கொடுக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். கல்லூரியில் நம்மோடு படித்த நண்பர்களும் சொல்கிறார்கள். ஃபெஞ்சல் அடித்து 2025 நவம்பர் 30ஆம் தேதியோடு ஓராண்டு. அந்த ஓராண்டில் நெல்லித்தோப்பைச் சுற்றியும் ஆற்றோரக் காலனிகளிலும் மனு எழுதிக் கொடுத்து அலைந்ததில் இந்த வசனத்துக்கு எங்களிடம் ஒரு பதில் சேர்ந்திருக்கிறது. காற்றுக்குச் சாதி தெரியாது, சரி. சேதத்தைக் கணக்கெடுக்கிற படிவத்துக்குத் தெரியும்.

முதலில் அந்தப் புயலைப் பற்றி. காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ஃபெஞ்சல் பெரிய புயலே இல்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை நம்மையும் கடலூரையும் பிய்த்தெறிந்த தானே புயலின் காற்று மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டது. ஃபெஞ்சலுக்கு 90ஐத் தாண்டவில்லை. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிய அது நகராமல் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு முன் இங்கே ஒரே நாளில் பதிவான அதிக மழை 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். பக்கத்து மயிலத்தில் சுமார் 50. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் வந்தது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட, தென்பெண்ணை பொங்கி பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் ஊருக்குள் நுழைந்தது. இருவேல்பட்டில் அமைச்சர் சட்டையில் சேறு விழுந்ததுதான் ஒரு வாரம் தலைப்புச் செய்தி. வீடுகளுக்குள் முழங்கால் அளவு கிடந்த சேற்றுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

படகில் வந்த ராணுவ வீரர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணா நகரில் மாடி வீடுகளின் முதல் தளம் வரைக்கும் ஏறியிருந்த மக்களை இறக்கிக் கூட்டிப்போன காட்சி நாடு முழுக்க ஓடியது. அந்த மக்களின் துன்பத்தை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் மாடி இருந்ததால்தான் அவர்கள் மேலே ஏறி நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒற்றைத் தளமும் கூரையும் மட்டுமே உள்ள தெருவில் ஏறி நிற்க என்ன இருக்கிறது? அங்கே படகு வருவதற்குள் சனம் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட்டது. நடந்துபோன கூட்டத்தைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை.

எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே வடியும் என்பதெல்லாம் நேற்று எழுதப்பட்டதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் கடற்கரையோர மணல்மேட்டில் தங்களுக்கு நகரம் போட்டார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே "கறுப்பர் நகரம்". அதற்கும் வெளியே, தோப்பும் வயலும் ஏரிக்காலும் கிடந்த பள்ளத்தில் சேரி. பிறகு நகரம் வீங்கி அந்தத் தோப்பையும் வயலையும் தின்றது. நெல்லித்தோப்பில் இப்போது நெல்லியும் இல்லை, தோப்பும் இல்லை. பக்கத்தில் இந்திரா காந்தி சதுக்கத்தில் அரைமணி நேர மழைக்கே பேருந்து மிதப்பதைப் பார்க்கிறோம். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் குடியிருக்கச் சொன்னது தண்ணீர் அல்ல.

வரலாற்றை எடுத்தாலும் இதே கதை. 1761 ஜனவரி 1ஆம் தேதி அடித்த புயல் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களை உடைத்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1952 புயலில் பழைய துறைமுகப் பாலம் போனது ஒவ்வொரு சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. கப்பல் கணக்கு உண்டு, பாலக் கணக்கு உண்டு. அந்த இரவுகளில் சேரியில் எத்தனை கூரை பறந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள். யாருடைய இழப்பு இழப்பாக எழுதப்படுகிறது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது. இன்று அது அச்சடித்த படிவமாக வந்திருக்கிறது.

அந்தப் படிவத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தோழர்களே. நம்மில் பலர் ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறோம், அரசாணையைப் படிப்பதில்லை.

பேரிடரில் யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. ஃபெஞ்சலின்போது நடப்பில் இருந்தது 2022-23 முதல் 2025-26 வரைக்குமானது. மாநிலங்கள் தங்கள் காசிலிருந்து கூடுதலாகக் கொடுக்கலாம், ஆனால் அடிப்படை இதுதான். அதில் சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். கல்வீடோ மண்சுவர் வீடோ, தொகை ஒன்றுதான். கறவை மாடு செத்தால் 37,500. குடிசை போனால் 8,000.

மாட்டுக்கான தொகை அதிகம் என்று யாரும் சண்டை போட வேண்டாம். நம் சனத்திலும் ஒற்றைக் கறவையை நம்பிப் பிழைக்கிறவர்கள் உண்டு. கேள்வி குடிசையைப் பற்றியது. ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, பிணத்தைக் கிடத்திய இடம் எப்படி ஒரு மாட்டில் கால் பங்குகூட ஆகாமல் போனது? அந்த விதிமுறையே பதில் சொல்கிறது. குடிசை என்றால் என்ன என்று அது விளக்கம் கொடுக்கிறது: ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆன, தற்காலிகமான, மண்சுவர் வீட்டைவிடத் தாழ்ந்த அமைப்பு. தாழ்ந்த என்ற சொல்லை நாங்கள் சேர்க்கவில்லை. அவர்கள் எழுதியதுதான். முப்பது வருடம் ஒரே இடத்தில் நிற்கிற குடிசை எந்த வகையில் தற்காலிகம்? அரசாங்கம் அதைத் தற்காலிகமாகவே வைத்திருப்பதால்தான் அது தற்காலிகம்.

இன்னொரு வரி இருக்கிறது. சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று மாநில அரசின் உரிய அதிகாரி சான்று தர வேண்டும். இந்த ஒரு வரியில் நம் கதை முடிந்தது. அனுமதி வேண்டுமென்றால் மனைப்பட்டா வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில், ஏரிக்கரையில், ரயில் பாதை ஓரத்தில் இருக்கிறவர்களுக்குப் பட்டா கிடையாது. அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? ஊர் நத்தத்தில் அவர்களுக்கு இடம் விற்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள் என்பதால். பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் 1892இல் பஞ்சமி நிலம் என்று ஒன்றாவது பேச்சில் வந்தது. பிறகு அதைப் பறித்துக்கொண்டார்கள், அது வேறு கதை. பிரெஞ்சு ஆட்சியில் கிடந்த நமக்குக் கேட்டுப் போராட அப்படி ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பின் வந்த கல்வீட்டு மானியமும் பட்டா வைத்திருப்பவரைத்தான் தேடுகிறது.

ஆற்றோரக் காலனி ஒன்றில் நாங்கள் நேரில் பார்த்தது இது. அடுத்தடுத்து இரண்டு வீடு. இரண்டும் மண்சுவர், இரண்டும் ஓடு, இரண்டும் அதே இரவில் விழுந்தன. ஒன்றுக்குப் பட்டா இருந்தது, அது வீடு என்று எழுதப்பட்டது. மற்றதற்குப் பட்டா இல்லை, அது குடிசை என்று எழுதப்பட்டது. ஒன்றிய விதிமுறைப்படி ஒன்றுக்கு 1,20,000, மற்றதற்கு 8,000. பதினைந்து மடங்கு வித்தியாசம். கணக்கெடுக்க வந்தவர் கெட்டவர் அல்ல, எங்களுக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். "நான் என்னம்மா பண்றது, கட்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். சாதி இப்போதெல்லாம் கோபமாகப் பேசுவதில்லை. கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வருத்தப்படுகிறது.

புதுச்சேரி அரசு ஃபெஞ்சலுக்கு ஒன்றிய அளவைவிடக் கூடுதலாக அறிவித்தது உண்மை. முழுதும் இடிந்த குடிசைக்கு 20,000, பாதி இடிந்ததற்கு 10,000. மாட்டுக்கு 40,000, கன்றுக்கு 20,000. ஆக, இங்கே ஒரு குடிசையும் ஒரு கன்றுக்குட்டியும் ஒரே விலை. பயிருக்கு எக்டேருக்கு 30,000. அந்த எக்டேரில் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு நூறு நாள் வேலைக் கூலி அளவில் ஒரு தொகை கொடுக்கலாம் என்று ஒன்றிய விதிமுறையில் ஒரு பத்தி இருக்கிறது. நாங்கள் மனு எழுதிக் கொடுத்த வீடுகளில் அப்படி ஒரு பத்தி இருப்பது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் போய்ச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

இது ஃபெஞ்சலோடு தொடங்கியதும் அல்ல. 2018 நவம்பரில் கஜா வந்தபோது தமிழ்நாடு அரசின் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500, மொத்தம் 1,100. முழுதும் சேதமான குடிசைக்கு 10,000. பத்துத் தென்னை விழுந்தவருக்கு ஒரு குடிசை போனவரைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். தென்னை வளர்த்தவர் அழுததை நாங்கள் கேலி செய்யவில்லை. இருபது வருட உழைப்பு அது. ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்து, மட்டை உரித்து, கீற்று முடைந்து வாழ்ந்தவர்களுக்கும் அதே இரவில்தான் இருபது வருடப் பிழைப்பு போனது. அவர்கள் பேரில் ஒரு மரமும் இல்லாததால் அவர்கள் ஒன்றையும் இழக்கவில்லை என்று ஆகிவிட்டது.

2004 சுனாமியில் இதைவிடப் பச்சையாகவே நடந்தது. நாகப்பட்டினத்தில் தலித் மக்கள் பொது முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டதும் அப்போதே உலகச் செய்தி ஆனது. படகும் வலையும் இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று கணக்கு வைத்ததால், மீன் சுமந்து, கருவாடு காயவைத்து, உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஆனால் பிணங்களை எடுக்க மட்டும் வெளி நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி வந்தார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடுத்த ஆண்டே, 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல பிரிவு. முகாம் வாசலில் நின்று ஒருவன் "நீ உள்ளே வராதே" என்று சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம். ஆனால் பட்டா கேட்கிற கட்டத்தை எதிர்த்து இதை எப்படிப் பயன்படுத்துவது? அங்கே யாரும் சாதி கேட்கவில்லையே. இந்த இடத்தில்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு நமக்குப் பாடம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. வீட்டை மறுபடி கட்டிக்கொள்ள லூசியானா மாநிலம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வீட்டைக் கட்டுவதற்கு ஆகும் செலவு, புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத் தொகை. எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது பாருங்கள், எங்கேயும் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் அதே அளவு, அதே தரமுள்ள வீட்டுக்கும் சந்தை மதிப்பு குறைவு. ஏன் குறைவு என்பது நூறு வருட இனவெறியின் வரலாறு. விளைவு, செங்கல் விலை எல்லாருக்கும் ஒன்று, உதவித்தொகை மட்டும் கறுப்பினத்தவருக்குக் குறைவு. கறுப்பின வீட்டுக்காரர்கள் இந்தச் சூத்திரத்தையே எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2011இல் 6.2 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுக்க அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. அதிகாரியின் மனதில் வெறுப்பு இருந்தது என்று அவர்கள் நிரூபித்துக்கொண்டிருக்கவில்லை. கணக்குப் போடும் முறை என்ன விளைவைத் தருகிறது என்று காட்டினார்கள். நமக்கும் அதுதான் வேலை.

"எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 கொடுத்தார்களே, அதில் என்ன சாதி?" என்று கேட்பார்கள். சீக்கிரம் வந்த பணம், பசிக்கு உதவிய பணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத மாடி வீட்டுக்கும் 5,000, அடுப்பு மிதந்த வீட்டுக்கும் 5,000 என்பது சமத்துவம் ஆகாது. அது கணக்கெடுக்கும் வேலையைத் தட்டிக் கழிப்பது. சரி, கார்டே இல்லாதவர்கள்? விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து வேலைக்கு வந்து, இங்கே பள்ளத்தெருவில் வாடகைக்கு இருப்பவர்களின் கார்டு அந்த ஊரில் இருக்கிறது. தண்ணீர் ஏறியது இந்த ஊரில். ஒரே கார்டில் மூன்று மகன்களின் குடும்பம் இருக்கிற வீடுகள் எத்தனை! பட்டா பிரிக்க முடியாதவர்களுக்குக் கார்டு பிரிப்பதும் கஷ்டம். இருளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்ஜியம். இருளர் இல்லாததால் அல்ல, புதுச்சேரிக்கென்று அப்போது பழங்குடிப் பட்டியலே அறிவிக்கப்படாமல் இருந்ததால். இல்லாதவர்களாக எழுதப்பட்டவர்களுக்கு வெள்ளத்தில் என்ன இழப்பு வந்துவிடப் போகிறது?

நம் சனம் இந்த ஒன்றியப் பிரதேசத்தில் 15.7 சதவீதம், அதே கணக்கெடுப்பின்படி. ஃபெஞ்சலில் வீடு இழந்தவர்களில் எத்தனை சதவீதம், வீடு என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை, குடிசை என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை? இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விவாதமே முடிந்துவிடும். வைக்க மாட்டார்கள். ஃபெஞ்சலுக்காக ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் புதுச்சேரிக்கு 33.06 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்பதும் நாம் கேட்டு வாங்க வேண்டிய கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வடிந்த மறுநாள் சாக்கடைச் சேற்றையும் செத்த நாயையும் மெத்தையையும் அள்ளியவர்கள் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் வீட்டுக்குள் அப்போதும் தண்ணீர். பிள்ளைகளைப் பள்ளிக்கூட முகாமில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார்கள், வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும். "களத்தில் நின்ற மாவீரர்கள்" என்று அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குப் பதில் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்திருந்தால் தன் வீட்டுச் சேற்றைத் தானே அள்ளியிருப்பார்கள்.

இப்போது எதற்கு இவ்வளவும் எழுதுகிறோம் என்றால், அந்த விலைப்பட்டியலின் காலம் 2026 மார்ச் 31 வரைதான். அடுத்த ஐந்தாண்டுக்குப் புதிதாக எழுதுவார்கள். எழுதுகிற மேசையில் நாம் இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன் கேட்க முடியும். குடிசை என்ற தனி வரிசையே போக வேண்டும். ஒரு குடும்பம் குடியிருக்கும் எதுவும் வீடுதான். அனுமதி பெற்ற கட்டுமானம் என்ற நிபந்தனை குடியிருப்புக்குப் பொருந்தக்கூடாது. மின் கட்டண ரசீதோ வாக்காளர் அட்டையோ போதும். பயிர் இழப்பு என்ற தலைப்பின் கீழேயே விவசாயக் கூலியின் வேலை நாள் இழப்பும் வர வேண்டும். பயனாளிகள் பட்டியலைத் தெருவாரியாக, பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற விவரத்தோடு ஒட்ட வேண்டும். நெல்லித்தோப்புக்கு ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியானாலும், குடிசைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் படம் பிடித்துப் போடுங்கள்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. தானே டிசம்பர் 30இல் வந்தது என்பதை மறக்காதீர்கள். இந்த முறை தண்ணீர் ஏறினால், வடிவதற்கு முன் சுவரில் கரியால் கோடு போட்டு, அதன் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுங்கள். கதவு எண் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும். மனுவை இரண்டு படி எழுதி ஒன்றில் முத்திரை வாங்குங்கள். கணக்கெடுக்க வருபவர் எந்தக் கட்டத்தில் எழுதுகிறார் என்று எட்டிப் பாருங்கள், பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஃபெஞ்சல் பட்டியலையும் விட வேண்டாம். உதவித்தொகைத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிடாவிட்டால் வீடு எத்தனை, குடிசை எத்தனை, ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினர் எத்தனை என்று வட்டம் வட்டமாக மனுப் போடுவோம். கட்டணம் 10 ரூபாய். சிவப்பு அட்டைக்காரர் பெயரில் போட்டால் அதுவும் கிடையாது, அட்டை நகலை இணைத்தால் போதும்.